மாப்பிள்ளைக்கு நான் வேலை தேடிய லட்சணம்

என் தங்கை வீட்டுக்காரர் திருச்சி ஜெயிலிலிருந்து வெளியே வந்தபோது, அவருக்கு வேலை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை நானே வலியப் போய் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தொழில் மனைத் தரகு. முட்டளவு தண்ணீர் நிற்கும் இடத்தைக் 'குளிர்ச்சியான மனை' என்று விற்றவன். ஒரு ஆளை வேலைக்குத் தள்ளிவிடுவது பெரிய காரியமா என்ற தெனாவட்டு.

மாப்பிள்ளை செய்ததில் மர்மம் ஒன்றுமில்லை. வல்லத்திராக்கோட்டையில் பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு. மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி, அவர் கை ஒடிந்தது. வழக்கோடு வயலும் போயிற்று. வெளியே வந்து மாதக்கணக்காகியும் உள்ளூரில் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. "திருப்பூருக்குப் போயிடுறேன், அங்க என்னய யாருக்குத் தெரியும்" என்று சொல்ல ஆரம்பித்தார். தங்கை என்னிடம் வந்து, "இத்தன நாளு அவரு இல்லாம இருந்தது போதும்ண்ணே. மறுபடியும் அனுப்பிட்டு ஒத்தையில ஒக்காந்திருக்கணுமா?" என்றாள்.

முதலில் புதுக்கோட்டையில் ஒரு அரிசி மில்லுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பிளை சில வருசம் கண்ணில் படவில்லை என்றால் வெளிநாடு என்றுதான் அர்த்தம். அதனால் நானும், "மாப்ள சவூதியில இருந்தாரு, இப்பத்தான் வந்தாரு" என்று அவிழ்த்துவிட்டேன். மில்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் அங்கே இருந்தவராம்.

"சவூதியில எந்த ஊருப்பா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டார்.

"திருச்சிங்க" என்றார் மாப்பிள்ளை.

வெளியே வந்து, "ரியாத்துன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்று கத்தினேன்.

"எனக்கு வரமாட்டேங்குது மச்சான். நீங்க பழகிட்டீங்க."

அதற்குப் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை. மாறாக, இன்னும் பெரிய யோசனை வந்தது. ஜெகதாப்பட்டினத்துக்குப் போனால் ஜெயில் என்பது கேவலமில்லை. மீன்பிடிக்கப் போனவர்களை எல்லை தாண்டியதாகப் பிடித்து, அக்கரையில் சிறையில் வைப்பார்கள். திரும்பி வருகிறவர்களை ஊரே கூடி வரவேற்கும். மாப்பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டால் என்ன? ஜெயில் என்பது உண்மை, ஊர் மட்டும்தான் வேறு. முக்கால்வாசி உண்மை என்பது என் தொழிலில் அபூர்வம்.

அங்கே ஒரு ஐஸ் கம்பெனியில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனோம். அதை நடத்துவது ஒரு அக்கா. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வண்டிகளை அதட்டிக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, சோகம் தடவிச் சொன்னேன்.

"இவரு கடலுக்குப் போனவருதாங்க்கா. அங்கிட்டுப் பிடிச்சு உள்ள வச்சிட்டாங்க. இப்பத்தான் விட்டாங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த போட்டுல போனாரு?"

நான் கடலைப் பார்த்தேன். அது உதவவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் அங்க உள்ள இருந்துட்டு வந்தவருதான். இந்தக் கரையில பிடிபட்டவங்க ஒவ்வொருத்தர் வீட்டுலயும் போயி நான் ஒக்காந்திருக்கேன் தம்பி. ஒங்க வீட்டுக்கு வந்த ஞாபகம் இல்லையே."

அப்போதுதான் மாப்பிள்ளை வாயைத் திறந்தார்.

"இல்லீங்கக்கா. நான் கடல்ல கால் நனைச்சதோட சரி. ஒருத்தர அடிச்சுக் கைய ஒடிச்சிட்டேன். அதுக்குத் திருச்சியில இருந்தேன்."

நான் பஸ்ஸுக்கு நேரம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

"எங்க ஆளுக வலை போட்டதுக்கு ஜெயிலுக்குப் போனாங்க. ஒன்னுது வேற."

"வேறதாங்கக்கா."

"அடிபட்டவரு இப்ப எப்படி இருக்காரு?"

"ஊர்லதான் இருக்காரு. நான்தான் இன்னும் அவரு முன்னால நேரா நின்னு பேசல."

"போன் நம்பர் இருக்கா?"

மாப்பிள்ளை மனப்பாடமாகச் சொன்னார். நான் வாயைப் பிளந்தேன். வெளியே வந்த நாளிலிருந்து அந்த நம்பரை அழுத்துவதும், மணி அடித்ததும் வெட்டிவிடுவதுமாக இருந்திருக்கிறார் மனுசன்.

வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சொந்தக்காரனைக் கேட்பார்கள், பழைய முதலாளியைக் கேட்பார்கள். அடிவாங்கினவரையே கேட்கலாம் என்று தோன்றியது இந்த அக்காவுக்குத்தான். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் ஒரு மலைப்பு வந்துவிட்டது. மெஷின் சத்தத்தில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார். அக்காவே விசயத்தைச் சொன்னார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திருப்பூருக்குப் போவதும் வீட்டோடு இருப்பதும் இப்போது அந்த ஒடிந்த கைக்காரரின் வாயில் இருந்தது.

"மழ வந்தா கை இன்னும் வலிக்குதும்மா" என்றார் அவர். "அத நான் மறக்கல. அவனும் மறக்க வேணாம். ஆனா வேலன்னு கேட்டா, அவன மாதிரி ஆளு எங்கூர்ல கெடையாது. தண்ணி பாய்ச்ச நான் அசந்துட்டா, என் வயலுக்கும் சேத்துத் திருப்பி விட்டவன். கோவம் மட்டும் வரும். வந்தா கொஞ்ச நேரம் தனியா விட்ருங்க."

"பொய் சொல்லுவாரா?"

"அவனுக்கு அது வராது. எதாச்சும் பொய் ஒங்க காதுல விழுந்திருந்தா, அது கூட வந்திருக்குற அவன் மச்சான் சொன்னதா இருக்கும். அவரு சொன்னத எடுத்துக்காதீங்க."

வல்லத்திராக்கோட்டையிலிருந்து ஜெகதாப்பட்டினம் வரைக்கும் என் புகழ் பரவிய விதம் இதுதான். கை ஒடிந்தும், உள்ளதை உள்ளபடி இரண்டு பக்கமும் சொல்ல முடிந்த அந்த மனுசரை, நான் அதுவரை வெறும் எதிராளி என்றே நினைத்திருந்தேன்.

அக்கா போனை மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். என்னவெல்லாமோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம்.

"அண்ணே... சாப்ட்டீங்களா?"

"இன்னும் இல்ல. மிஸ்டு காலு குடுக்குறது நீதானா? இனிமே பேசிட்டு வையி. போயி வேலயப் பாரு."

அக்கா உள்ளே கைகாட்டினார். மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஐஸ் கட்டியை இழுக்கும் கொக்கியோடு அப்போதே இறங்கிவிட்டார். நான் நின்று பார்த்தேன். அக்காவோ, "நீங்க கெளம்புங்க தம்பி, வழியில நிக்கிறீங்க" என்றார்.

பஸ்ஸில் ஏறியதும் தங்கையைக் கூப்பிட்டேன்.

"மாப்ளைக்கு வேல கெடைச்சிருச்சு. இப்பவே வேலையில நிக்கிறாரு."

"நெசமாவா?"

"நெசந்தான்."

"அடிபட்டவர்ட்டயே கேட்டு வேல குடுத்தாங்க" என்று நடந்ததை வரி பிசகாமல் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக உண்மை பேசியதில்லை. அவள் முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"அந்த அக்கா நம்பரக் குடுண்ணே. நான் அவுகள்ட்டயே கேட்டுக்கிறேன்."