சிறுகுறிஞ்சானும் மாம்பழமும்

சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாக்குக்கு இனிப்பு தெரியாது. தெரியாததன்மேல் ஆசையும் வராது. சித்தூர் வீட்டில் அம்மா போட்ட விதி இது. நேற்று திருப்பதி மார்க்கெட்டில் அந்த இலையைப் பார்த்ததும் அப்பாவின், எங்கள் நைனாவின், நினைவு வந்தது. நாங்கள் மாம்பழம் தின்னும்போது, சர்க்கரை நோய்க்காரரான அவர் இலையை மென்றுவிட்டு, ஒரு பழத்தை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

“மூக்குக்கும் ஒரு எல தேடணும் போல கீது” என்பாள் அம்மா.

“நாக்கு செத்தப்புறம் வாசன மட்டும் எதுக்கு நைனா?” என்று சிறுவனான நான் ஒருநாள் கேட்டேன்.

“நீ துன்னுடா” என்றார். அது பதில் அல்ல.

இப்போது எனக்கும் சர்க்கரை. டாக்டர் தந்த மாத்திரையை விடவில்லை, இலை கூடுதல். நேற்று அதை வாங்கிவந்து மென்றுவிட்டு, மருமகள் அறுத்த மாம்பழத்தை முகர்ந்தேன். அந்த வாசனையில் அம்மா, தம்பிகள், நைனா எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். நைனாவும் அன்று யாருடனோதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

பதில் கிடைத்த தேதி, நேற்று.