எதிர்த்து நிற்கும் மீன்

என் சமையலறையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அதன் வாய் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல். தண்ணீர் சாய்த்தால் நேராக விழாது, நசுங்கலில் பட்டு ஒரு பக்கமாகப் பிரிந்து நூல்போல ஓடும். வீட்டுக்கு வருகிறவர்கள், பாத்திரக்காரரிடம் கொடுத்துத் தட்டி வாங்கக்கூடாதா என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த நசுங்கலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், அவளுடைய மீன்தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும், வந்தவருக்குக் கொடுத்த காப்பி ஆறிப்போகும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. மைசூரில் அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு சந்தில் வாடகைக்கு இருந்தோம். எல்லையோரத்து ஹனூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அண்ணன் கட்டடங்களுக்குக் குழாய் போடும் வேலை செய்தான். நான் ஊதுபத்திக் கம்பெனியில் பாக்கெட் போட்டேன். வீட்டில் அம்மாவும் அண்ணியும். அண்ணிக்கு முதல் இரண்டு கருவும் தங்கவில்லை. மூன்றாவது தரித்தபோது டாக்டரம்மா கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தச் சொல்லி, பிள்ளை பிறக்கும்வரை எழுந்து நடமாடவே கூடாது என்று சொல்லிவிட்டார். ஓடியாடிக்கொண்டிருந்தவளைப் படுக்கையில் போட்டால் எப்படி இருக்கும்? சில நாள் மேலே கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒருநாள் அண்ணனிடம், "படுத்தே கெடக்கறவ கண்ணுக்கு ஓடறது ஏதாச்சும் ஒண்ணு தெரியோணும்" என்றாள்.

அண்ணன் ஓட விட்டான். கட்டில் உயரத்துக்கு ஒரு கடப்பைக்கல் பலகை, அதன்மேல் நீளமாக, ஆழமே இல்லாத ஒரு கண்ணாடித் தொட்டி. தண்ணீர் ஒரு சாண்கூட இருக்காது. அடியில் எங்கள் ஊர்ப்பக்கப் பாலாற்றிலிருந்து கொண்டுவந்த கூழாங்கல். ஏர்கூலருக்குப் போடும் சின்ன மோட்டார் ஒரு கோடியில் தண்ணீரை ஏற்றிக் கற்கள்மேல் விடும். அது சலசலவென்று மறுகோடிக்கு ஓடி, அங்கே கட்டியிருந்த வலையைத் தாண்டித் திரும்பவும் மோட்டாருக்கு வரும். தலையணையில் கன்னம் வைத்தபடியே அண்ணிக்கு ஓர் ஓடை தெரிந்தது.

ஓடை வந்துவிட்டது. அதில் எந்த மீனை விடுவது என்பதில்தான் வீட்டின் நிம்மதி போயிற்று.

முதல் மீன்களை வாங்கி வந்தது அம்மா. தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு மீன் கடை இருந்தது. அங்கிருந்து பட்டு முந்தானை மாதிரி வால் தொங்கும் தங்கமீன் ஒரு ஜோடி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. ஆனால் குளத்துத் தண்ணீருக்குப் பிறந்த உடம்பு. ஓட்டத்தில் வால் மடங்கி, நீந்த முடியாமல், மறுகோடி வலையில் போய் ஒட்டிக்கொண்டன. இரண்டு நாள் தாங்கவில்லை. அம்மா அவற்றைச் செம்பருத்தி வேரடியில் புதைத்துவிட்டு வந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றாள். தொட்டியில் மீன் செத்தால், வீட்டுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று எங்கள் ஜனங்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு.

அடுத்து தேவதைமீன் வந்தது. உயரமான மீன், அந்தத் தண்ணீரில் நிமிர்ந்து நிற்கவே இடமில்லை. அதுவும் போயிற்று. மறுபடி தங்கமீன். கடைக்காரர் அம்மாவிடம், ஓடுகிற தண்ணீருக்கு இது ஆகாது என்று கன்னடத்தில் சொல்லியே இருந்திருக்கிறார். தெரிந்தேதான் அம்மா வாங்கினாள். சாகட்டும் என்றுதான் வாங்கினாள். ஒவ்வொன்றும் மிதக்கும்போது அவள் முகத்தில் ஒரு சுமை இறங்கும். அதே நேரம் கட்டிலில் அண்ணியின் முகத்தில் ஒன்று ஏறும். இரண்டையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான்.

ஒருநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா இன்னொரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அத உட வேண்டாமுங்க" என்றாள் அண்ணி.

"உனக்காகத்தான் அம்மிணி. வர்ற கண்டம் அதோட போவட்டும். தலைப்பாகை போனாப் போவுது, தலை தப்புனாச் சரி."

"தலைப்பாகைக்கு உசுரு இல்லீங்க. மீனுக்கு இருக்குது. வவுத்துல ஒண்ணு தங்கோணும்னு கெடக்கறவ கண்ணு முன்னால தெனம் ஒண்ணு செத்து மெதக்கோணுமா?"

அம்மா பையை அப்படியே கட்டி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். வெகுநேரம் அங்கே ஒரு பாத்திரமும் உருளவில்லை. மாமியாரை எதிர்த்து அண்ணி அதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குப் பிறகு சில நாள் இரண்டு பேரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். கஞ்சி வேண்டுமா என்று அம்மா என்னிடம் கேட்பாள், பிறகு குடிக்கிறேன் என்று அண்ணி என்னிடம் சொல்வாள். நடுவில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

மீனைத் திருப்பிக் கொடுக்கப் போன என்னிடம் அண்ணி சொல்லியனுப்பியது இது: "அழகு பாக்காத. கடைத் தொட்டியில எந்தப் பக்கம் தண்ணி தள்ளுதுன்னு பாரு. அந்தப் பக்கமா மூஞ்சிய வெச்சு எது எதுத்து நிக்குதோ, அதப் புடிச்சிட்டு வா."

கடையில் போய் நின்றேன். முக்கால்வாசி மீன்கள் தண்ணீர் தள்ளும் மூலையை விட்டு ஒதுங்கியிருந்தன. விரல் நீளம்கூட இல்லாத, உடம்பெல்லாம் கோடு போட்ட சின்ன மீன்கள் மட்டும் அந்த மூலைக்கே போய், தள்ளத் தள்ளத் திரும்பி வந்து நின்றன. பக்கத்தில் கறுப்புப் புள்ளி வைத்த கெண்டைக்குஞ்சுகள் சில. கடைக்காரர் எல்லாவற்றையும்விட மலிவான மீனைத் தேர்ந்தெடுத்த என்னை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் தன் பங்குக்கு, ஊருக்குப் போய்த் திரும்பும்போது பாலாற்றுப் பக்கமிருந்து ஒரு டப்பா நிறைய அயிரை கொண்டுவந்தான். காட்டில் கொள்ளையரைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது, வழியில் இருந்த சோதனைச்சாவடியில் டப்பாவைத் திறந்து பார்க்காமல் விடமாட்டார்கள். திறந்து பார்த்த காவலர், குழம்புக்கு இது பத்தாதே என்றாராம். அம்மாவும் குழம்புப் பேச்சைத்தான் எடுத்தாள், அண்ணியிடம் நேராக. "கொளம்புல போடறத ஊட்டுல வெச்சு வளக்கற கூத்த நான் எங்கியும் பாத்ததில்ல." அண்ணி சிரித்தாள். அன்றோடு என் தூது வேலை முடிந்தது.

அயிரைகள் கல்லுக்கடியில் புகுந்துகொண்டன. கோடு மீன்கள் ஓட்டத்தின் வாயிலேயே நின்றன. ஒன்றும் சாகவில்லை. என் கையில் ஊதுபத்தி வாசம் இருக்கும் என்று, சோப்புப் போட்டுக் கழுவாமல் தொட்டிப் பக்கம் அண்ணி என்னை அண்டவே விடமாட்டாள். ஒன்றும் சாகாததே அம்மாவுக்குக் கவலையாகிவிட்டது. வெளியே சொல்லவில்லை. கோயிலுக்குப் போவது மட்டும் கூடியது.

ஏழாம் மாதம் முடியும் சமயம். கோடைமழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகல். காற்றில் எங்கள் சந்து முனையில் மரம் விழுந்து கம்பி அறுந்தது. கம்பெனியில் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். ஆட்டோ சந்துக்குள் வர முடியவில்லை. மரத்தைத் தாண்டி நனைந்துகொண்டு ஓடினேன். வீட்டுக்குள் இருட்டு. மோட்டார் சத்தம் இல்லை. ஆனால் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது.

அம்மா தொட்டி ஓரம் முக்காலியில் உட்கார்ந்து, சேலையை இழுத்துச் செருகி, சொம்பில் மொண்டு மொண்டு தலை உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டத்தில் வாழ்கிற மீன் நின்ற தண்ணீரில் மூச்சுக்குத் திணறும். எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அண்ணி இடப்பக்கம் ஒருக்களித்துக் கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தாள். மின்சாரம் போனதும் அவள் எழப் பார்த்திருக்கிறாள், ஒரு காலைத் தரையிலும் வைத்துவிட்டாளாம். அம்மா, மீன் போனால் போகட்டும் படு என்றிருக்கிறாள். நீங்கள் ஊற்றாவிட்டால் நான் எழுந்து ஊற்றுவேன் என்றிருக்கிறாள் இவள். "கால மேல வையி அம்மிணி, நான் ஊத்தறேன்" என்று அம்மா கைக்குக் கிடைத்த சொம்பை எடுத்த வேகத்தில் அது கடப்பைக்கல்லில் இடித்து நசுங்கியது.

அண்ணியின் வயிறு இறுகி இறுகி விட்டுக்கொண்டிருந்தது. நான் மறுபடி மழையில் ஓடி, தெருக்கோடிக் கடையிலிருந்து டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அசையாமல் படுத்திருக்கட்டும், வலி அடங்குகிறதா பாருங்கள், தொடர்ந்து வந்தால் எப்படியாவது தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். அந்த மரத்தைத் தாண்டி எப்படித் தூக்குவது? திரும்பி வந்து, நான் ஊற்றுகிறேன் என்று அம்மாவிடம் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. கை மாற்றிப் பிடித்து ஊற்றினாள். சொம்பு ஏறும், தண்ணீர் நசுங்கலில் பிரிந்து விழும், அண்ணி மூச்சை இழுத்து விடுவாள். அண்ணியின் கண் மீன்மேல் இருந்தது. அம்மாவின் கண் அண்ணியின் வயிற்றின்மேல் இருந்தது. எத்தனை நேரம் என்று தெரியாது. மழைச் சத்தம் குறைந்தபோது அண்ணியின் கை கட்டில் சட்டத்தை விட்டிருந்ததைப் பார்த்தேன். வலி நின்றிருந்தது. தூங்கிப்போயிருந்தாள்.

மின்சாரம் வரவில்லை. அப்போதும் அம்மா ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். அவள் தூங்கிவிட்டாளே, இனி என்ன என்றேன் மெதுவாக. அம்மா திரும்பாமலே சொன்னாள்: "எந்திரிச்சா அவ கண்ணு மொதல்ல மீனத்தான் தேடும். ஒண்ணும் போவக்கூடாது."

ஒன்றும் போகவில்லை. நாள் கணக்குக்குச் சற்று முந்தியே பெண் பிறந்தாள், மெலிந்த உடம்பு, பெரிய குரல். ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கியதும் அம்மா, யாருக்கும் புரியாத ஒரு கணக்குப் போல, மீனுக்கெல்லாம் தீனி போட்டாயா என்று என்னைக் கேட்டாள். அதற்குப் பிறகு கண்டம், தலைப்பாகை என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை.

அம்மா இப்போது இல்லை. அண்ணி முட்டிவலியோடு பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறாள். போன மாதம் அந்தப் பெண் போன் செய்து, வீட்டில் ஓடை மாதிரி ஒரு தொட்டி வைக்கிறேன், எந்த மீன் வாங்கலாம் அத்தை என்றாள். கரண்டு போனாலும் மோட்டார் நிற்காதபடி பேட்டரி வைத்திருக்கிறாளாம். அழகு பார்க்காதே என்று நான் ஆரம்பித்தேன். பின்னாலிருந்து அண்ணி குரல் கேட்டது: "அந்தச் சொம்பக் குடுத்தனுப்பச் சொல்லு. பேட்டரிய நம்பி உசுர உட முடியுமா?"

தர மனமில்லை. ஆனாலும் புளி போட்டுத் தேய்த்து, நசுங்கல் பக்கம் இன்னும் நன்றாகத் தேய்த்து, தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதை வாங்கிப்போக ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.