கல்வெட்டில் விடுபட்ட ஆரணி அக்கா

அம்மா தொலைபேசியில் கதைக்கும்போது மற்றப் பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னாலும் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த வியாழன் மாலை பெரியம்மாவின் அழைப்பு வந்தபோதும் அப்படித்தான் தொடங்கினார். நான் மேசையில் இருந்து இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் அந்த ஓம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடியே அடுப்பை அணைத்தார். பிறகு அணைந்த அடுப்பை மறுபடியும் அணைக்கப் பார்த்தார். "ஆரணி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். என் பெரியப்பாவின் மகள் ஆரணி அக்கா, பயிற்சி முடிந்து சைக்கிளில் கோலியர்ஸ் வுட் வீட்டுக்கு வரும் வழியில், இடப்பக்கம் திரும்பிய ஒரு லொறியில் அடிபட்டு இறந்துபோனார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள். மண்டபத்துக்கு வரும் உங்கள் எல்லோருக்கும் அக்காவின் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகம் தரப்படும். முன்னட்டையில் அக்கா சேலையோடு நிற்கும் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, அதற்குப் பிறகு சகோதரர்கள் சார்பில் என் பெயரில் ஒரு பக்கம். இங்கே லண்டனில் பிறந்த பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பெரியப்பா அதை என்னிடம் தந்தார். அந்தப் பக்கத்தில் இருப்பது பொய் இல்லை. அக்கா நன்றாகப் படித்தார், பெரியவர்களை மதித்தார், சிரித்த முகம் என்று இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வாசித்த ஒருவர் அக்காவை வீதியில் கண்டிருந்தால் அடையாளம் பிடித்திருக்க மாட்டார்.

சாப்பாட்டுக்கு முன் என்னைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொல்வார்கள். நான் இதைத்தான் வாசிக்கப்போகிறேன். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஒருவருக்கும் தெரியாமல் எழுதுகிறேன். பெரியப்பா முன்வரிசையில் இருப்பார். எழும்பி வந்து தாளைப் பறிப்பாரோ, அப்பா என் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோவாரோ தெரியாது. ஆனாலும் வாசிப்பேன்.

ஆரணி அக்கா அமெரிக்க உதைபந்தாட்டம் விளையாடினார். தலைக்கவசம் போட்டு, தோளில் கட்டை போன்ற காப்பு வைத்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் விளையாட்டு அது. "உதைபந்தெண்டு பேர். உதைக்கிறது பந்தையில்லை, ஆளை" என்று என் அப்பா சொல்வார். பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் அக்காவுக்கு இரண்டு வேலை. ஒன்று, பந்தை வாங்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவில் புகுந்து ஓடும் ரன்னிங் பேக். மற்றது கிக் ரிட்டர்னர். எதிரணி பந்தை வானத்துக்கு உதைக்கும். மைதானத்தின் மறுகோடியில் தனியாக நிற்கும் ஒருவர் அதைப் பிடித்து, தன்னை விழுத்த ஓடிவரும் அத்தனை பேரையும் பார்த்து ஓடவேண்டும். அவர்களை விட்டு ஓடுவது இல்லை, அவர்களை நோக்கி ஓடுவது. அந்த ஒருவர்தான் அக்கா.

முதன்முதலாக நான் அதைப் பார்க்கப் போனது ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு. அக்கா என்னைக் கூட்டிப்போனது ஒரு சேற்று மைதானத்துக்கு. முதல் பந்தைப் பிடித்தவுடனே ஒருத்தி வந்து மோத, அக்கா முதுகு அடிபட விழுந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டாம் முறை கண்ணைத் திறந்து பார்த்தேன். இடப்பக்கம் போவது போல ஒரு சாய்வு, பிறகு வலப்பக்கம், பிறகு அக்காவுக்கு முன்னால் வெறும் புல். ஆட்டம் முடிந்ததும் நான் வீட்டுக்கு நடக்கத் தொடங்கினேன்.

"எங்க போறீர்? கோயில் இருக்கு."

"அக்கா, அது சும்மா சொன்னதுதானே?"

"பிந்திப் போனால் பொய் இல்லை. வாரும்."

நோர்தேர்ன் லைன் ரயிலில் முழங்கால் சேற்றோடு வந்தார். கோயிலில் முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்து ஐயர் கேட்டார், "என்ன பிள்ளை, விழுந்திட்டீரோ?"

"விழேல்லை ஐயா, விழுத்திட்டினம். ஆனா அடுத்த முறை கோடு தாண்டிட்டன்."

ஐயருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திருநீற்றை வழக்கத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தந்தார்.

அக்காவுக்குப் பயமே இல்லை என்று அணிப் பிள்ளைகள் செத்தவீட்டில் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அக்கா பயந்தது அவர்களுக்குத் தெரியாது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன் அக்கா உடைமாற்றும் அறைக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுப்பார். தண்ணீர்ப் போத்தலோடு காவல் நிற்பது என் வேலை. ஒருநாள் கேட்டேன், இவ்வளவு பயமாக இருந்தால் கையைத் தூக்கலாமே என்று. அந்த விளையாட்டில் அப்படி ஒரு விதி உண்டு. பந்து காற்றில் இருக்கும்போது கையை உயர்த்தி அசைத்தால் ஒருவரும் தொடக்கூடாது. ஆனால் பந்தைப் பிடித்தவர் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும், ஓட முடியாது. அக்கா வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுச் சொன்னார், "தூக்குவன், ஏன் தூக்காமல். ஆள் கிட்ட வந்திட்டுதெண்டால் தூக்கத்தான் வேணும். ஆனா கணக்குப் பாத்துத் தூக்கு, பயத்துக்குத் தூக்காதை."

இனி, உங்களில் பலருக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பெண்களுக்கான தொழில்முறை அணிகள் உண்டு. பல்கலைக்கழகங்களில் விளையாடுகிறவர்களிலிருந்து அந்த அணிகள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுக்கும். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். வேறு நாட்டுப் பிள்ளைகளும் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்ததும் அக்கா வீட்டில் சொல்லாமல் கொடுத்துவிட்டார். பெயர்கள் அறிவிக்கும் சனிக்கிழமை பின்னேரம் நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். மேசையில் மடிக்கணினி. அக்கா பெரியம்மாவுக்கு உள்ளி உரித்துக்கொடுப்பதாகப் பாவனை. உரித்த பல் குப்பைக்குப் போனது, தோல் கிண்ணத்துக்குப் போனது. பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியை நெருங்கும்போது அக்கா மடிக்கணினியை மூடக் கையை வைத்தார். அப்போது சொன்னார்கள். லண்டன், ரன்னிங் பேக், கிக் ரிட்டர்னர், பிறகு எங்கள் குடும்பத்துப் பெயர்.

அக்கா கதிரையில் ஏறிக் கத்தினார்.

"என்னடி, எலியோ? எலியைக் கண்டனியோ?" என்று பெரியம்மா தும்புத்தடியைத் தூக்கினார்.

"அம்மா, என்னை எடுத்திட்டினம்!"

"ஆர் எடுத்தது? எங்க?"

"அமெரிக்காவில ஒரு டீம்!"

"உனக்குச் சோதினையெல்லோ வருது?"

தன் கடையிலிருந்து அப்போதுதான் வந்த பெரியப்பா வாசலில் கோட்டோடு நின்றார். அக்கா இறங்கி வந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"படிச்சுப்போட்டு, முட்டி மோதி விழுற வேலைக்கோ போகப்போறாய்?"

"ஓம் அப்பா. விழுந்தால் எழும்புவன்."

"அந்தப் பிளேனில ஏறினியெண்டால், எனக்குப் பிள்ளை ஒண்டுதான் எண்டு நினைச்சுக்கொள்ளுறன்."

அக்கா சிரிக்கப் பார்த்தார். "அப்ப அண்ணாவையே வச்சுக்கொள்ளுங்கோ. அவர் போடுற தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு என்னைத் தேடுவீங்கள்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் ஒரே வீட்டில் கதைக்காமல் இருந்தார்கள். விமானச்சீட்டு வந்தது. அது வந்த கிழமைதான் அந்த லொறியும் வந்தது.

நான் முதலில் எழுதிக் கொடுத்ததில் இவ்வளவும் இருந்தது, பெரியப்பா சொன்ன அந்த ஒரு வசனத்தைத் தவிர. பெரியப்பா கடையில் நின்றபடியே வாசித்துப் பேனாவால் வெட்டினார்.

"இது வேண்டாம் பிள்ளை."

"ஏன் பெரியப்பா? உண்மைதானே?"

"படிப்பைப் பற்றி எழுது. கோயிலுக்குப் போற பிள்ளை எண்டு எழுது."

"கோயிலுக்கும் விளையாடிப்போட்டுத்தான் போனவா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அந்த விளையாட்டு இல்லாட்டில் என்ர பிள்ளை வீட்டில இருந்திருக்கும்" என்றார்.

செத்தவீட்டிலும் இதையே கேட்டேன். ஈஸ்ட் ஹாமிலிருந்து வந்த ஒரு மாமா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "மண்டையில அடிபடுற விளையாட்டாமே. பொம்பிளைப் பிள்ளையை உதுக்கு ஆர் விட்டது?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். மாமா, நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வருவீர்கள். அன்று கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்கிறேன். அக்காவை ஒருவரும் விடவில்லை. அவராகவே போனார். அவரைக் கொன்றது விளையாட்டு இல்லை, கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பிய ஒரு லொறி. நூலகத்திலிருந்து திரும்பி வரும்போது அடிபட்டிருந்தால் நூலகத்தைத் திட்டியிருப்பீர்களா? "பாவம், படிக்கப் போன பிள்ளை" என்று சொல்லியிருப்பீர்கள். ஓடப் போன பிள்ளை என்றும் சொல்லலாம். சொல்லுங்கள்.

பெரியப்பாவுக்கு அக்காவை நினைத்து வெட்கம் என்றுதான் நானும் நினைத்தேன். போன கிழமை அம்மா தந்த சாப்பாட்டுக் கிண்ணத்தோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிறுத்தியிருந்த கடை வானுக்குள் பெரியப்பா தனியே இருந்தார். கையில் போன். யன்னல் கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தது. கிட்டப் போனதும் டக்கென்று அணைத்தார்.

"என்ன பெரியப்பா பாக்கிறீங்கள்?"

"ஒண்டுமில்லை. செய்தி."

எந்தச் செய்தியிலும் ஒரு சிறுமி "ஓடுங்கோ அக்கா, ஓடுங்கோ!" என்று கத்தமாட்டாள். அது என் குரல். விளையாட்டு வீட்டுக்குத் தெரிந்த பிறகு அதே சேற்று மைதானத்தில் நான் எடுத்த காணொளி. அக்கா அதைக் குடும்பக் குழுவில் போட்டபோது எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். பெரியப்பா மட்டும் ஒன்றும் போடவில்லை. இப்போது வானுக்குள் இருந்து திரும்பத் திரும்பப் பார்க்கிறார்.

பெரியப்பா, உங்களுக்கு அக்காவால் வெட்கம் இல்லை. நீங்கள் சொன்ன வசனம்தான் உங்களைக் குடைகிறது. விளையாட்டைப் பற்றி எழுதினால் அதுவும் நினைவுக்கு வரும், அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டினீர்கள். தனியாக வந்து சொல்ல எனக்குத் துணிவு இல்லை. நீங்கள் அழுதால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. சபையில் சொன்னால் பாதியில் எழும்பிப் போகமாட்டீர்கள். அதனால் இங்கே சொல்கிறேன்.

நீங்கள் அப்படிச் சொன்ன அடுத்த நாள், பஸ்சின் மேல்தட்டில் நான் அக்காவிடம் கேட்டேன், பெரியப்பா உண்மையாகவே அப்படி நினைப்பாரா என்று. அக்கா சிரித்தார். முதல்நாள் போலச் சிரிக்கப் பார்க்கவில்லை, உண்மையாகவே சிரித்தார். "அப்பா கத்துவார். கத்தி முடிய என்ர பெட்டியைத் தூக்கி நிறை பாப்பார். பிறகு தானே வானில ஹீத்ரோவுக்குக் கொண்டுபோய், பிழையான டெர்மினலில விட்டிட்டு, நான்தான் பிழையாச் சொன்னன் எண்டு என்னை ஏசுவார். இருந்து பாரும்" என்றார்.

அக்கா உங்கள் வசனத்தை ஒருநாளும் நம்பவில்லை. அதைக் கொண்டுபோகவும் இல்லை. நீங்களும் இறக்கி வையுங்கள். வெட்டிய பக்கத்தைத் திரும்பத் தாருங்கள். ஆரணி ஒரு தொழில்முறை அணி பெயர் சொல்லி எடுத்த ஓட்டக்காரி என்று அதில் இருக்கவேண்டும். கல்வெட்டு அச்சாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். ஒரு தாளை ஒட்டலாம். நானே எல்லாப் புத்தகத்திலும் ஒட்டித் தருவேன்.

அக்காவின் பயிற்சிப் பையைப் பெரியம்மா பார்க்கக்கூடத் தாங்காமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அதிலிருந்து ஒன்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பல்லுக்குப் போடும் ரப்பர் காப்பு, கம் ஷீல்ட். வெந்நீரில் போட்டு இளக்கி, சூட்டோடு கடித்தால் கடித்தவரின் பல் அதில் பதிந்துவிடும். பிறகு வேறு ஒருவருக்கும் பொருந்தாது. அக்காவின் முன்பல் இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும், அது அப்படியே இருக்கிறது. அதை யாருக்கும் தரமாட்டேன், ஒருநாளும் போடவும் மாட்டேன்.

என் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓர் அணி சேர்க்கிறார்கள். நேற்று கெண்டியில் தண்ணீர் கொதிக்கவைத்துப் புதிதாக ஒன்றை இளக்கினேன். சுடச்சுடக் கடித்தேன். அதில் என் பல் பதிந்திருக்கிறது.