மடுவத்தில் ஒரு காதுகுத்து

குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அக்காவுக்கு மகளின் காதுகுத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. வீடியோ காலிலாவது பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை, மடுவம் காலியாக இருந்தபோது, பாயையும் தாம்பாளத்தையும் அங்கேயே தூக்கிப் போனோம்.

சார்ஜ், டேட்டா, சிக்னல் மூன்றையும் நான் முன்கூட்டியே சரிபார்த்திருந்தேன். போனை யார் பிடிப்பது என்பது என் பட்டியலில் இல்லை. தாய்மாமனான அண்ணன் குழந்தையை மடியில் வைத்திருந்தார். நான் அதன் கால்களைப் பிடித்திருந்தேன். போன் அம்மாவின் கைக்குப் போனது. ஆசாரி முதல் காதைக் குத்த, குழந்தை வீறிட்டது.

"அம்மா, ஒங்க மூக்குத்திதான் தெரியுது! பாப்பா எங்கம்மா?" என்று அக்கா போனிலிருந்து கத்தினாள். முன்பக்கக் கேமரா அம்மாவையே காட்டிக்கொண்டிருந்தது.

"நான் புள்ளையப் பார்க்கிறதா, இந்தப் போனப் பார்க்கிறதா?" என்றார் அம்மா.

மடுவமே சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "முடிஞ்சிருச்சா?" என்றாள்.

ஆசாரி கம்பியைத் தட்டில் வைத்தார். "இன்னொரு காது இருக்குல்ல தங்கச்சி. நீங்க சொன்னாத்தான் குத்துவேன்."

நான் கேமராவைத் திருப்பி, அம்மாவின் கையைக் குழந்தையின் காதுக்கு நேராக நிறுத்தினேன். அக்கா வாயெல்லாம் பல்லாக மகளைப் பார்த்தாள். பிறகு, "ம்... குத்துங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, தன் காதுகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.