சத்துமாவுக்குள் பாஸ்போர்ட்

எனக்கு ஐம்பத்தொரு வயதில்தான் முதல் பாஸ்போர்ட் கிடைத்தது. அதற்கு முன் பல ஆண்டுகள் தற்காலிக விசாவில் சிட்னியில் இருந்தேன். நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது என்ற நிலை. அதனால் அந்த நீலப் புத்தகம் கைக்கு வந்த அன்று, அதைக் கொண்டு எங்கே போகலாம் என்று நான் யோசிக்கவில்லை. வீட்டில் எங்கே ஒளித்து வைக்கலாம் என்றுதான் யோசித்தேன்.

இத்தாலிக்குப் போகும் யோசனை என்னுடையதல்ல. வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையில் கட்டில் விரிப்புகளை மடித்து, வண்டிகளில் அடுக்கி, வார்டுகளுக்கு அனுப்புவது என் வேலை. அங்கே நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டுக் கொண்டுபோகும் ஒருத்தி எனக்குத் தோழி. மதுரைப் பக்கத்தவள், ஹோம்புஷில் குடியிருக்கிறாள், என்னைவிட ஆறு வயது இளையவள். நான் ஒரு சொல்லைத் தேடி எடுப்பதற்குள் அவள் நாற்பது சொல் பேசி முடித்திருப்பாள். ஒருநாள் தேநீர் இடைவேளையில் சொன்னாள்:

“அக்கா, ஆளுக்கு ஒரு பைய முதுகுல மாட்டிக்கிட்டு ட்ரெயின்லயே இத்தாலி சுத்துவோம். சின்னப் பசங்க மட்டும்தான் அப்படிப் போகணுமா?”

“எனக்கு முழங்கால் ஏலாது.”

“முழங்கால் எதுக்கு? ட்ரெயினுக்குத்தான் சக்கரம் இருக்கே.”

வீட்டில் கேட்டேன். என் கணவர் பஸ் ஓட்டுகிறவர், அவருக்கு லீவு கிடைக்காது. “நீர் போட்டு வாரும்” என்று மட்டும் சொல்லி என்னைப் போய்வர விட்டார். அதன்பின் நானும் அவளும் இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் வெஸ்ட்மீட்டிலிருந்து பரமட்டா ஆற்றங்கரை வரை பையை மாட்டிக்கொண்டு நடந்து பழகினோம். பாரத்துக்காக அவளுடைய பையில் துவரம்பருப்பு, என்னுடையதில் பத்துக் கிலோ அரிசி. எதிரே வந்த தெரிந்தவர்கள் கடைக்குப் போய் வருகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

பயணத்துக்கு நான் சத்துமா வறுத்து அரைத்து, ஒரு பால்மாத் தகரப் பேணியில் அடைத்துக் கொண்டேன். சுடுநீரும் சீனியும் கிடைத்தால் எங்கேயும் குழைத்துச் சாப்பிடலாம். பாஸ்போர்ட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த மாவின் அடியில் புதைத்தேன். விமானநிலையத்திலும் விடுதிகளிலும் காட்டியபின் அவள் காணாமல் திரும்பவும் அங்கேதான் வைத்தேன். மாவுக்குள் ஒளிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஊரில் போர் நடந்து, ஷெல் விழுந்து இடம்பெயர்ந்த காலங்களில் காணி உறுதிப் பத்திரமும் அடையாள அட்டைகளும் மாப் பேணிக்குள்தான் போயின. அவசரத்தில் எதை மறந்தாலும் பிள்ளைகளுக்கான மாவை ஒருவரும் மறக்க மாட்டார்கள் என்பது கணக்கு. இதை நான் தோழியிடம் சொல்லவில்லை. அவள் பாஸ்போர்ட்டைக் கழுத்தில் தொங்கும் சின்னப் பையில் வைத்திருந்தாள். அவள் சிரிப்பாள் என்று எனக்குக் கூச்சம்.

வெனிஸில் ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் வாசற்படிக்குக் கீழேயே தண்ணீர் போகிறது. அவள் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் பின்சந்துகளில் குறுக்கே கட்டியிருந்த துணிக்கொடிகளைப் பார்த்தேன். ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து எதிர்வீட்டுச் சுவர் வரை கயிறு, இரண்டு முனையிலும் சின்னக் கப்பி. ஒரு பெண் நின்ற இடத்திலிருந்தே கயிற்றை இழுத்து, ஈர விரிப்புகளை வாய்க்காலுக்கு மேலே ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஒன்றுகூடச் சுருங்கவில்லை, தண்ணீரில் படவில்லை. மருத்துவமனையில் எங்கள் பகுதியில் அவளுக்கு உடனே வேலை கொடுப்பார்கள்.

புளோரன்ஸில் ஒரு மியூசியத்தில் வெள்ளைக் கல்லில் செய்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர்ப்பலகையை நான் படிக்கவில்லை. அவள் மடியில் துணி விழுந்திருந்த விதத்தைத்தான் பார்த்தேன். முழங்காலில் இழுபட்டு, இரண்டு காலுக்கும் நடுவே தொய்ந்து, பாதத்தில் மடிந்து கிடந்தது. பருத்தியல்ல, கொஞ்சம் பாரமான துணி, பலமுறை தோய்த்தது. இவ்வளவும் கல்லில் தெரிந்தது. பதினொரு ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் துணி மடிக்கிறேன், துணி எப்படி விழும் என்று எனக்குத் தெரியும். செய்தவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த மண்டபத்தில் அரை மணி நேரம் நின்றிருப்பேன்.

“அக்கா, காலு வலிக்கலயா?” என்று அவள் வந்து கேட்டாள்.

“ஓம், வலிக்குது. இன்னும் கொஞ்சம் நிப்பம்.”

அந்த ஊரில் சாப்பாட்டுக்கும் குறைவில்லை. தெருமுனையில் ரொட்டி, தக்காளி, வெண்ணெய்க்கட்டி. நின்றுகொண்டே குடிக்கும் கோப்பி. நான் சத்துமாவைத் தொடவேயில்லை.

ரோமுக்குப் புறப்பட்ட காலையில் விடுதியில் என் கட்டில் விரிப்பைக் கழற்றி மடித்து வைத்தேன். பக்கத்துக் கட்டில்களில் கிடந்தவற்றையும் மடித்தேன். கை கேட்கவில்லை, தொழில் அப்படி. அந்த நேரம் பார்த்து அவள் எங்கள் இரண்டு பைகளையும் கட்டினாள்.

நாங்கள் ஏறியது எல்லா ஊரிலும் நிற்கும் மெதுவான ரயில். அதுதான் எனக்குப் பிடிக்கும். ஊர்கள் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்று முகம் காட்டிவிட்டுப் போகும். ஆறு ஒன்று கூடவே வந்தது. அரை மணி நேரம் போயிருக்கும்.

“அக்கா, இன்னிக்குத் தோள் வலி கொறைஞ்சிருக்கா?”

“ஓம். பை நல்ல லேசாய்க் கிடக்கு.”

“எப்படி இருக்காதாம்? அந்த மாவு டப்பாவ எடுத்துட்டேன்ல. கிச்சன்ல மிச்ச சாமான் வைக்கிற ஷெல்ஃப் இருந்துச்சே, யாராச்சும் சாப்பிடட்டும்னு அங்க வச்சுட்டேன். நீங்கதான் அதத் தொடவே இல்லயே.”

வெளியே ஒரு நிலையம் வந்து நின்றது, கதவுகள் மூடின, அதுவும் போய்விட்டது. இனி நான் இங்கேயிருந்து சிட்னிக்கு எப்படித் திரும்புவேன், யாரிடம் போய் நான் யாரென்று சொல்வேன் என்ற எண்ணம் மட்டும் இருந்தது. அந்தப் பழைய விசா ஆண்டுகள் எல்லாம் ஒரே இழுப்பில் திரும்பி வந்தன.

“அதுக்குள்ளதான் என்ர பாஸ்போர்ட் இருக்கு” என்றேன்.

அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“மாவுக்குள்ளயா? யாராச்சும் மாவுக்குள்ள பாஸ்போர்ட் வைப்பாங்களா?”

“எங்கட ஆக்கள் வைப்பினம்.”

“வைப்பீங்க. எல்லாம் வைப்பீங்க. கூட வந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மட்டும் மாட்டீங்க.” அவள் கண் நிறைந்துவிட்டது. “நல்லதுன்னு நெனச்சு செஞ்சேன்க்கா.”

“எனக்குத் தெரியும். அழாதையும். அடுத்ததில இறங்குவம்.”

இறங்கியது ஒரு சின்ன நிலையம். திரும்பும் ரயிலுக்கு ஐம்பது நிமிடம். மேடையில் நீலச் சட்டை போட்ட ஓர் அலுவலர் பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் கைகளால் பாதி, ஆங்கிலத்தில் பாதியாக எதையோ சொன்னாள். அவர் விடுதியின் பெயரைக் கேட்டு, தன்னுடைய தொலைபேசியிலேயே அழைத்துப் பேசினார். ஒருவரும் எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். ரயில் வரும்வரை ஆறு ஏழு தடவை அழைத்திருப்பார். நாங்கள் கேட்டது ஒரு தடவைதான்.

புளோரன்ஸில் நிலையத்திலிருந்து விடுதிக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். என் முழங்கால் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

குசினியில் ஒருவர் மட்டும் இருந்தார். அறுபது வயதுக்கு மேல், சைக்கிளில் ஊர் சுற்றுகிறவர் போல இறுக்கமான காற்சட்டை. அடுப்பில் சின்னச் சட்டியில் பாலைக் காய்ச்சி எதையோ கிளறிக்கொண்டிருந்தார். வறுத்த பயறின் மணம் வாசலுக்கே வந்தது. அவர் முழங்கைக்குப் பக்கத்தில் மூடி திறந்தபடி என் பேணி.

தோழி உள்ளே பாயப் போனாள். அவள் கையைப் பிடித்தேன்.

“நில்லும். நான் கேக்கிறன்.”

வேலையிடத்தில்கூட நான் தெரியாதவர்களிடம் போய்ப் பேசுகிறவள் அல்ல. ஏதாவது தேவையென்றால் அவளைத்தான் அனுப்புவேன். அன்று நான் போய் அவர் முன்னால் நின்று, எனக்கு வரும் ஆங்கிலத்தில், அந்தப் பேணி என்னுடையது, தவறுதலாக விட்டுவிட்டோம் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கரண்டியை வைத்துவிட்டு, அலமாரியில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, எல்லோரும் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறதே என்றார். நான் கோபமாக வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். இல்லை இல்லை என்று சொல்லச் சொல் கிடைக்கவில்லை. கையைப் பேணிக்குள் விட்டேன். மணிக்கட்டுவரை போனது. அடியில் உறை தட்டுப்பட்டது.

நான் அதை வெளியே இழுத்தபோது அவர் பார்த்துக்கொண்டே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“இன்னும் ரெண்டு கரண்டி போட்டிருந்தா கஞ்சியில ஆஸ்திரேலியா மிதந்திருக்கும்” என்று தோழி தமிழில் சொன்னாள். அவளுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. அவர் என்ன என்று கேட்க, அவள் ஆங்கிலத்தில் சொல்ல, அவர் குலுங்கிச் சிரித்து மூன்று கிண்ணம் எடுத்து வைத்தார். கஞ்சி கட்டிபட்டிருந்தது. சீனி போடவில்லை, உப்புப் போட்டிருந்தார். நாங்கள் மிச்சம் வைக்காமல் குடித்தோம். பேணியை அவரிடமே கொடுத்துவிட்டு, சீனி போடுங்கள் என்று சொல்லி வந்தேன்.

பிற்பகல் ரயிலில் அவளிடம் எல்லாம் சொன்னேன். மாப் பேணி வழக்கத்தை, விசாவுக்காகக் காத்திருந்த ஆண்டுகளை, என் தாய் இறந்தபோது ஊருக்குப் போக முடியாமல் வெஸ்ட்மீட்டில் துணி மடித்துக்கொண்டு நின்றதை. அவள் படம் எடுப்பதை விட்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டாள். வெளியே குன்றுகளின் உச்சியில் ஊர்கள் வந்தன. கல்லோடு கல்லாக, எங்கே மலை முடிந்து எங்கே மதில் தொடங்குகிறது என்று தெரியாதபடி. கீழே ஆலிவ் மரங்கள் வெயிலில் வெளிறிக் கிடந்தன. இவ்வளவு அழகான இடத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் சொல்கிறேனே என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நிறுத்தவில்லை.

“மொதல்லயே சொல்லியிருந்தா அந்த டப்பாவ நானே சுமந்துட்டு வந்திருப்பேன்ல” என்றாள் கடைசியில்.

டிக்கெட் பார்ப்பவர் வந்தார். அவர் கேட்டது டிக்கெட்டை மட்டும்தான். நான் பாஸ்போர்ட்டையும் சேர்த்து நீட்டினேன். அவர் டிக்கெட்டைப் பார்த்தார். பாஸ்போர்ட்டைத் திறக்காமலே திருப்பித் தந்து, நல்ல பயணமாக இருக்கட்டும் என்று அவருடைய மொழியில் சொல்லிவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.