உப்பு போட்ட ஐஸ்

திங்கட்கிழமை காலை சீரம் வைக்கும் ஃபிரிட்ஜைத் திறந்ததும் மீன் வாடை அடித்தது. திருவொற்றியூரில் காற்றோடு மீன் வாடை வருவது புதிதல்ல. ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து வந்ததுதான் புதிது. உள்ளே ஒரு மீன்கூடை, அது நிறைய ஐஸ், நடுவே டிப்தீரியாவுக்கான எங்கள் சீரம் புட்டிகள். ஒன்றை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

"நேத்து பூரா கரண்டு இல்லமா," என்றாள் ஆய்வுக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்த அக்கா. மீனவக் குப்பத்திலிருந்து வருபவள். "எலிங்களுக்குத் தீனி போட வந்தா, பொட்டி சூடா கீது. ஓடிப்போய் ஐஸ் வாங்கியாந்து அமுக்கிட்டேன். கல்லுப்பும் போட்டுக்கீறேன். லேசுல கரையாது."

முகத்தில் அவ்வளவு பெருமை. உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிட அதிகம் குளிரும். மீனுக்கு அது நல்லது. சீரம் குளிர்ந்திருக்கலாம், உறையக் கூடாது. உறைந்தால் அதிலுள்ள எதிர்ப்பொருள் நோய்க்கிருமியின் விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் திறனை இழக்கலாம். ஒரு நாள் சூட்டில் கிடந்திருந்தால்கூடப் பெரிதாகக் கெட்டிருக்காது. இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

புட்டிகளில் உறைந்திருந்தது உருகிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரி டாக்டர். டிப்தீரியா முற்றிய நிலையில் ஒரு பெண் குழந்தை வந்திருக்கிறது, தொண்டையில் சாம்பல் நிறப் படலம், மூச்சு இழுக்கிறது. வெளியூர்ச் சரக்கு மறுநாள்தான் வரும்.

"உங்ககிட்ட இருக்குல்ல? உடனே அனுப்பும்மா."

"சோதிச்சுட்டுச் சொல்றேன் சார்."

"சோதிக்க இப்ப நேரமா?"

அதிகாரி பம்பாய் போயிருந்தார். முடிவு சொல்ல வேண்டியவள் நான்தான். செய்ய வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டேன்: குழாய்கள், விஷம், சீரம், வெந்நீர்த் தொட்டி, கருப்பு அட்டை. எல்லாக் குழாயிலும் விஷம் ஒரே அளவு. சீரம் மட்டும் குழாய்க்குக் குழாய் கூடும். இரண்டும் சரிக்குச் சரியாகப் பிணையும் குழாயில்தான் முதலில் பஞ்சுத் துகள் போலத் திரியும். நல்ல சீரமென்றால் எது முந்தும் என்று எனக்குத் தெரியும். இடமிருந்து மூன்றாவது.

குழாய்களைத் தொட்டியில் இறக்கி, பின்னால் கருப்பு அட்டையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே எண்ணூர்ப் பக்கத்துப் புகை தாழ்ந்து கிடந்தது. மூன்றாவது குழாய் தெளிவாகவே இருந்தது. வழக்கமாகத் திரியும் நேரம் கடந்தும் தெளிவாகவே இருந்தது. தொலைபேசி மறுபடி அடித்தது. நான் எழுந்து போகவில்லை.

"இன்னாமா, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்றாள் அக்கா. "நான் எதுனா கெட்த்துட்டனா?"

"இரு அக்கா, பார்க்கிறேன்."

கடைசியில் ஒரு குழாயில் துகள் தெரிந்தது. ஆறாவது. இரட்டிப்புச் சீரம் ஊற்றிய குழாய் அது. துகள்கூடச் சோம்பலாகத்தான் இறங்கியது.

டாக்டரைக் கூப்பிட்டேன். "பிடிக்குது சார். ஆனா பாதி பலம்தான். இரட்டை அளவு கொடுக்கணும். இருக்கிற புட்டியெல்லாம் சேர்ந்தா இந்த ஒரு குழந்தைக்குத்தான் சரியா வரும், அனுப்பறேன்."

"பாதிங்கறது நிச்சயமா?"

"குழாயில பாதி சார். உடம்புல எப்படின்னு குழாய் சொல்லாது."

"சரி, அனுப்பு."

அக்காவே கொண்டுபோவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் டோல்கேட் பஸ் அவளுக்குப் பழக்கம். கூடையைக் கழுவி வெறும் ஐஸ் போட்டு, துணியில் சுற்றிய புட்டிகளை அதன்மேல் வைத்தேன். அவள் உப்புச் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்று திரும்பினாள்.

"அது எங்க எதிர்வூட்டுக் கொயந்தமா. காலைல தூக்கினு போகசொல்ல பாத்தேன். அதோட தம்பிக்கும் தொண்ட நோவுதாம், எச்சி முழுங்க மாட்டேங்கிறான். இதுலயே அவனுக்கும் கொஞ்சம் மிச்சம் வெப்பாங்க இல்ல?"

"பஸ் போயிடும்க்கா," என்றேன். "சீக்கிரம் போ."