தன்லியினில் ஒரு சமாதிக்கல்

மியன்மாரின் யாங்கோனிலிருந்து பாலம் தாண்டினால் தன்லியின், பழைய துறைமுக ஊர். மழைக்காலத்தில் இங்கே யாரும் வருவதில்லை, அதனாலேயே வந்திருக்கிறேன். கூரை போன தேவாலயத்தின் செங்கற்கள் ஈரத்தில் புதிதாய்ச் சுட்டவைபோலச் சிவந்திருக்கின்றன. ஜன்னல் இருந்த இடத்தில் பச்சை வயல் தெரிகிறது. கால் வலிக்க, தரையோடு கிடக்கும் கல்லில் உட்காருகிறேன்.

“அண்ணே, எந்திரிங்க! அது சமாதி.”

வாசலில் டீக்கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண் லெட்சுமி; பர்மிய மரியாதைப்படி ஊருக்கு ‘மா லெட்சுமி’. கன்னத்தில் சந்தனம்போல அரைத்த தனக்கா மரப்பட்டைப் பூச்சு, கையில் மல்லிகை, வெறுங்கால். நானும் பதறிச் செருப்பைக் கழற்றுகிறேன். எழுத்து தேய்ந்த கல்லைத் துடைத்துப் பூ வைக்கிறார்.

“யாரு இவரு?”

“தெரியலண்ணே. கப்பல்ல வந்த வெள்ளக்காரரு. சொந்தம்னு யாருமில்ல.”

“நீங்க வேதக்காரங்களா?”

“இல்லண்ணே. மாரியம்மன் கோயிலுக்குப் போவோம், புத்தர் பயாவுக்கும் போவோம்.” மழையில் நகர்ந்த பூவை மறுபடி நடுவில் வைக்கிறார். “பட்டாளத்துக்குப் புடிக்கிறாங்கன்னு மகன நான்தான் தாய்லாந்துக்கு அனுப்பிச்சேன். இங்க இவர நான் பாத்துக்கிட்டா, அங்க அவன யாராச்சும் பாத்துக்குவாங்கல்ல?”

“பாத்துக்குவாங்க” என்கிறேன், தாய்லாந்தில் ஒருவரையும் தெரியாத நான்.